பாதாளச் சிறை வாசலில் உங்கள் பெயர்

எந்த அறையிலும் கதவைச் சாத்திக்கொண்டு இருக்க முடியாமல் போன என் அன்பு அண்ணைக்கு,

நீங்கள் கண்மூடி இரண்டாவது கோடையும் முடிகிறது. நாங்கள் இன்னும் லண்டனில், மிட்சம் பகுதியில், அதே வீட்டில்தான் இருக்கிறோம். என் மகள், உங்கள் மருமகள் மதுரா பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் முடித்துவிட்டாள். இதையெல்லாம் உங்களுக்குத் தனியாக, மனதுக்குள் சொன்னாலே போதும். ஆனால் போன மாதம் ஒருவர் உங்களைப் பற்றி ஊர் கேட்கப் பேசினார். அதனால் இந்தக் கடிதத்தையும் ஊர் வாசிக்கட்டும்.

அந்த ஒருவர் என் கணவரின் தமையன், குரோய்டனில் இருக்கிற பெரியத்தான். கடையை விற்ற பிறகு அவருக்கு வீடியோதான் தொழில். போகிற ஊரையெல்லாம் போனில் காட்டி, தமிழில் விளக்கம் சொல்லி, இணையத்தில் போடுவார். இந்தக் கோடையில் ஸ்கொட்லாந்தில் ஒரு வீடு எடுத்து எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். ஒரு நாள் முழுவதும் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற பழைய கடற்கரைப் பட்டணத்தில் சுற்றினோம்.

காலை நல்ல காலைதான், அண்ணை. இடிந்த பேராலயம் ஒன்று இருக்கிறது. பக்கச் சுவர்கள் கொஞ்சம் மிஞ்சியிருக்கின்றன, நடுவில் புல், அதற்கு மேல் வானம். கூரையும் இல்லை, கதவும் இல்லை. நீங்கள் வந்திருந்தால் அந்த இடத்தை விட்டு அசைந்திருக்க மாட்டீர்கள் என்று நினைத்தேன். பிறகு கடலுக்குள் நீளும் கல்லணையில் நானும் மதுராவும் கைகோர்த்துக்கொண்டு நடந்தோம். காற்று ஆளைத் தள்ளியது. சிரித்தோம்.

அதற்குப் பிறகுதான் கோட்டைக்குப் போனோம். அங்கே பாறையைக் குடைந்து, போத்தல் வடிவில் ஒரு பாதாளச் சிறை செய்திருக்கிறார்கள். வாய் ஒடுக்கம், உள்ளே அகலம். ஆட்களைக் கயிற்றில் கட்டி இறக்குவார்களாம், சிலர் திரும்ப மேலே வரவேயில்லையாம். வழிகாட்டிப் பெண் மெதுவான குரலில்தான் சொன்னாள். ஒருதரம் எட்டிப் பார்த்தேன். ஈரக்கல் மணம் முகத்தில் அடித்தது. இரண்டாம் தரம் பார்க்க என்னால் முடியவில்லை.

பெரியத்தான் போனைத் தூக்கினார். நேரலை.

"வணக்கம் உறவுகளே! இஞ்ச பாருங்கோ, இதுக்குள்ளதான் ஆக்களை இறக்கிறது. எங்கட குடும்பத்திலையும் அங்க ஊரிலை இப்பிடிச் சிறையிலை அடைபட்ட ஒருத்தர் இருந்தவர். என்ரை தம்பியின்ரை மச்சான். லண்டனுக்கு வந்த புதுசிலை என்ரை வீட்டிலைதான் இருந்தவர். என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதழுது எல்லாம் சொன்னவர்..."

உங்கள் முழுப் பெயரையும் சொன்னார். பிறகு உங்கள் நகங்களுக்கு என்ன செய்தார்கள், எதை உங்களுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். அதை நான் இங்கே எழுத மாட்டேன். அம்மாவிடமே சொல்லாதவர் நீங்கள். அவரிடமா சொன்னீர்கள்?

அவர் வீட்டில் உங்களை ஒரு கிழமைகூட வைத்திருக்கவில்லை. நித்திரையில் நீங்கள் கத்துகிறீர்களாம். "இது பைத்தியக் கேஸ், வந்து கூட்டிக்கொண்டு போ" என்று தன் தம்பிக்கு, என் கணவருக்கு, போன் எடுத்தார். நாங்கள் போனபோது நீங்கள் வெளியே, மதிலோரம், பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தீர்கள். அவர் யன்னல் திரையை இழுத்து மூடியதை என் கண்ணால் கண்டேன்.

"பெரியத்தான், நிப்பாட்டுங்கோ" என்றேன்.

அவர் நிறுத்தவில்லை. என் தோளைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார். "இவதான் அவரின்ரை தங்கச்சி. வதனி, அண்ணையைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லும்."

திரையில் சின்னச் சின்ன இதயங்கள் மிதந்து மேலே போய்க்கொண்டிருந்தன. அவருடைய கை என் தோளில் இருந்தது. அதைத் தட்டிவிட்டுப் போனைப் பார்த்துச் சொன்னேன்.

"என்ரை அண்ணை ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லேல்லை. இவர் சொல்லுறது பொய். இரவிலை கத்திறார் எண்டு அவரைப் பையோடை றோட்டிலை விட்டவர் இவர்தான்."

அவர் போனை அணைத்தார். "என்ன வேலை பாத்தனீர்? எவ்வளவு சனம் பாத்துக்கொண்டிருக்குது தெரியுமோ?" அவருடைய கவலை அது ஒன்றுதான், அண்ணை.

என் கணவர் நிலத்தைப் பார்த்தார். "விடும் வதனி. வந்த இடத்திலை சண்டை வேண்டாம்."

மத்தியானம் கடலோரக் கடையில் மீனும் சிப்ஸும் வாங்கினோம். பெரியத்தான் நன்றாகச் சாப்பிட்டார். வினிகர் ஒழுகும் விரலை நக்கிக்கொண்டே சொன்னார்: "செத்த மனுசனுக்கு ஒரு பேர் வந்தா என்ன குறை? நான் நல்லதுதானே செய்தனான்." இப்போது எண்ணெய் பூசியிருந்த அந்த வாயால்தான் உங்கள் பெயரைச் சொன்னார் என்று நினைக்க நினைக்க எனக்கு அருவருத்தது. என்னுடையதை அப்படியே குப்பைத் தொட்டியில் போட்டேன்.

"நான் ரெயினிலை வீட்டை போறன்" என்றேன். மதுரா உடனே எழும்பினாள். "நானும் வாறன், அம்மா." என் கணவர் எழும்பவில்லை. லண்டன் வரும் வரைக்கும் நான் அழவில்லை. அழுகையே வரவில்லை. உடம்பு முழுக்க ஊத்தை ஒட்டியதுபோல இருந்தது.

அடுத்த நாள் அந்த வீடியோ மறுபடி வந்தது. நான் பேசியது வெட்டப்பட்டிருந்தது. கீழே சனம் கைகூப்பும் படம் போட்டு அழுதிருந்தது. வெள்ளிக்கிழமை விம்பிள்டன் கோயிலில் ஒரு அம்மா கையில் பிரசாதத்தோடு என்னிடம் வந்தா. "பாவம், உங்கட அண்ணையின்ரை நகத்தை எல்லாம் பிடுங்கினவங்களாமே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்காக என் வாயைப் பார்த்தபடி கடலையை மென்றா. இதையா சொல்லுவது அனுதாபம் என்று?

என் கணவர் திரும்பி வந்து சில நாள் போயிற்று. பிறகு ஒரு காலை, தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சொன்னார்: "அண்டைக்கு அவர் யன்னலைச் சாத்தினதை நானும் பாத்தனான், வதனி. என்ரை அண்ணை எண்டு நான் வாயைத் திறக்கேல்லை." என் முன்னாலேயே தமையனுக்குப் போன் எடுத்தார். "அண்ணை, அந்த வீடியோவை எடுத்துப்போடுங்கோ. எடுக்கும் மட்டும் எங்கட வீட்டை வராதையுங்கோ. திவசத்துக்கும் வேண்டாம்."

வீடியோ இப்போது இல்லை. மன்னிப்பும் இல்லை. அருவருப்பு மட்டும் இன்னும் போகவில்லை, அதைப் போக்க நான் அவசரப்படவும் இல்லை. உங்களுக்கு நடந்தது எனக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளும் உரிமை எனக்கும் இல்லை. நீங்கள் சொல்லாமல் விட்டது உங்களுடையது.

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். உங்கள் வலியை யாரும் என் முன்னால் வாயில் போட்டு மெல்ல இனி விடமாட்டேன். அண்ணைக்கு என்ன செய்தார்கள் என்று கேட்பவர்களுக்கு, அண்ணை என்ன செய்தார் என்று சொல்வேன். மதுராவின் சைக்கிளுக்குப் பின்னால் பார்க்கைச் சுற்றி ஓடி, பிடித்திருக்கிறேன் பிடித்திருக்கிறேன் என்று கத்திக்கொண்டே, கையை எப்போதோ விட்டிருந்தார் என்று சொல்வேன்.

உங்களுக்குப் பின் பிறந்தவள்,
உங்கள் தங்கச்சி வதனி