எழுந்த கை

அன்புள்ள அம்மாவுக்கு மகனின் வணக்கம். முட்டிவலி குறைந்திருக்கிறதா? நான் சுகம்தான்.

பேருந்தில் ஒருவன் தங்கையிடம் வம்பு செய்கிறான், என்னைப் போல அவளும் சிலம்பம் கற்றால் உதவுமா என்று கேட்டிருந்தீர்கள். போன வாரம் கிடங்கில் பெட்டிகள் சரிந்ததற்காக மேஸ்திரி என்னை அறையக் கை ஓங்கினார். நான் நினைப்பதற்குள் என் கை எழுந்து தடுத்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

"கைய எறக்குடா. வேலை வேணுமா, வேணாமா?" என்றார்.

இறக்கினேன். அடுத்த அறை கன்னத்தில் விழுந்தது. வீக்கம் வடிந்துவிட்டது, பதற வேண்டாம்.

அவளைச் சேர்த்துவிடுங்கள். பேருந்தில் வருகிறவன் அவளுக்குச் சம்பளம் கொடுப்பவன் இல்லையே.

இங்கே வருகிறவர் யாரிடமாவது தைலம் கொடுத்துவிடுங்கள். நீங்கள் எனக்குத் தேய்த்துவிடுவீர்களே, அந்தப் பச்சைக் குப்பி. வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

அப்பாவிடம், நான் தடுத்தது வரைக்கும் மட்டும் சொல்லுங்கள்.