காலண்டரில் உன் வாய்ப்புண்

ஷீபா,

தயிர்சாதம் உனக்கு. புளிசாதத்தைத் தொடாதே, வாய்ப்புண் எரியும்.

நேற்று "படிக்காம இருக்க இது ஒரு சாக்கா?" என்று கத்திவிட்டேன். இன்று கேஸ் சிலிண்டர் வந்த தேதி பார்க்கக் காலண்டரைப் புரட்டினால், உனக்கு வாய்ப்புண் மருந்து வாங்கிய நாட்களையும் நானே குறித்திருக்கிறேன். எல்லாமே பி.யு.சி. பரீட்சைகளுக்கு முந்தைய வாரம்! பதற்றத்தில் கார்டிசால் ஹார்மோன் ஏறினால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறையும். அல்சூர் லேபில் தினமும் ஊரார் ரத்தத்தில் கார்டிசால் அளக்கிறவள் நான், வீட்டில் கோட்டை விட்டிருக்கிறேன். பரீட்சை முடிந்து எத்தனை நாளில் ஆறுகிறது என்றும் பார்க்க வேண்டும். நீயே குறித்து வை.

வெளியே போனால் சாவியை மஞ்சுளா ஆன்ட்டியிடம் கொடு.

அம்மா

பி.கு.: கிளம்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். என் உதட்டுக்குள்ளும் ஒன்று. பரீட்சை உனக்குத்தானே?