மெலுசி வண்டியில் ஏறினானா?

குவாண்டா,
மழை தொடங்கிய வாரம், வியாழன்.

என் பேத்தி பூக்லேவுக்கு உன் பாட்டி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். கேப் டவுனில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? நர்ஸ் உடையில் நீ அனுப்பிய படத்தைச் சர்ச்சில் எல்லோருக்கும் காட்டினேன். போதகரின் மனைவிக்கு இரண்டு தடவை.

உன் அப்பாவை ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து அழைத்து வந்துவிட்டோம். இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை.

அவன் விழுந்து இறந்த கட்டடத்தடியில், அவன் ஆவி ஏறி வர முள்மரக் கிளையை வைத்து, "மெலுசி, எழுந்திருப்பா, வீட்டுக்குப் போலாம்" என்றேன். கிளையைத் தான் பிடிப்பதாக என் தம்பி வூசா சொன்னான். பெற்றவள் நான் இருக்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். கிளை பிடித்தவர் வீடு சேரும்வரை உயிரோடு இருப்பவர்களிடம் பேசக் கூடாது; இறந்தவரிடம் மட்டும் ஏறு, இறங்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கூட்டி வர வேண்டும், உனக்குத் தெரியும். அவனுக்கு ஜன்னலோர இருக்கை. வழியெல்லாம் ஊர்ப் பலகைகளை எழுத்துக் கூட்டி அவனுக்குப் படித்துச் சொன்னேன். என் ஐந்தாம் வகுப்புப் படிப்பு அன்றுதான் முழுசாகப் பயன்பட்டது.

லிம்போபோ ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் எல்லோரும் இறங்கினோம். "இறங்கு மகனே, எல்லை வந்தாச்சு" என்றேன். அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. எத்தனை பேர் என்று அதிகாரிப் பெண் கேட்டாள். இந்த வூசா, மெலுசியையும் சேர்த்து எண்ணி, நாலு பேர் என்றுவிட்டான். நிற்பதோ டிரைவரோடு மூன்று பேர். ஒருத்தனை ஒளித்துக் கடத்துகிறோம் என்று அவள் இருக்கைக்கு அடியிலெல்லாம் தேடினாள். பிறகு என்னைக் கேட்டாள். நான் வாயே திறக்கவில்லை.

"என்ன, இந்தப் பாட்டிக்கு வாயில்லையா?"

"இருக்கு மேடம். நாங்க ஆயுசு பூரா கேட்டாச்சு. இன்னைக்குத்தான் அதுக்கு லீவு" என்றான் வூசா.

என் பேத்தி நர்ஸ், நாங்கள் கடத்தல்காரர்கள் இல்லை என்று சொல்ல நாக்கு துடித்தது. அதற்குள் வயதான அதிகாரி ஒருவர் வந்தார். கிளையைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். "அவரை வெயில்ல நிக்க வைக்காதீங்கம்மா. கூட்டிட்டுப் போங்க" என்றார். பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்க, யாரோ என்னை வண்டிக்குள் தள்ளினார்கள்.

ஆற்றைக் கடக்கிறோம் என்று அவனிடம் சொன்னேன். பாலம் தாண்டிய பிறகுதான் யோசித்தேன். இறங்கு என்றேனே, ஏறு என்று சொன்னேனா?

வண்டியைத் திருப்பச் சொல்ல வேண்டுமானால் பேச வேண்டும். பேசினால் எல்லாமே வீண். பேசாவிட்டால் அவன் பாலத்தில் தனியாக நிற்பான். சால்வையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகும் பலகைகளைப் படித்தேன். யாருக்குப் படித்தேனோ.

வீட்டில் ஆடு அறுத்தோம். மெலுசி நிம்மதியாகத் தூங்குகிறான் என்கிறான் வூசா. மெலுசியின் நாய் ஓடி வந்து வாலாட்டியது. என்னைப் பார்த்தா, அவனைப் பார்த்தா? இதை யாரிடமும் சொல்லவில்லை, உனக்கு மட்டும்தான் எழுதுகிறேன்.

உனக்கு விடுப்பு கிடைக்காதது தெரியும், குறை சொல்லவில்லை. ஆனால் இந்தக் கிறிஸ்துமஸுக்கு வா, கண்ணு. பஸ்ஸில் இரண்டு இருக்கை வாங்கு. பாலத்தில் ஒரு கிளையை வைத்துக்கொண்டு, "அப்பா, ஏறுங்க" என்று சொல். உன் குரலை அவன் மறந்திருக்க மாட்டான். அதன் பிறகு யாரோடும் பேசாதே. வீட்டுக்கு வந்து என்னோடு பேசு.

அவன் ஏற்கெனவே இங்கே வந்திருந்தால், அந்த இருக்கையில் உன் பையை வைத்துக்கொள். நீயாவது வந்து சேர்.

கடவுள் உன்னை வழி நெடுகக் காக்கட்டும்.

வாசலைப் பார்த்திருக்கும்
உன் பாட்டி