பெல்ட் மாதிரி இழுத்த செயின்

திங்கள்

ஆடிக் காற்று. கொடியில் போட்ட துணியெல்லாம் அனல்மின் நிலையச் சாம்பல்.

வண்டிச் செயின் தொங்கிப்போய்க் கவரில் அடிக்கிறது, லொடலொடவென்று. மனைவி செல்விக்கு எட்டாம் மாசம். வியாழன் செக்கப். போன பிள்ளை ஆறாம் மாசத்தோடு போனது. அதற்கு மேல் எழுத மாட்டேன்.

ஷிப்ட் முடிந்து வந்து நானே இறுக்கினேன். பின் ஆக்சில் நட்டு, இரண்டு பக்கமும் மார்க் சமம், எண்ணெய். எங்கள் நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் தொய்ந்தால் வழுக்கும், தீப்பிடிக்கும். அதே நினைப்பில் விறைப்பாக இழுத்துவிட்டேன். சத்தம் நின்றது. அப்பாடா.

செவ்வாய்

தனியாகத்தான் போய் வந்தேன். சத்தமே இல்லை. சோறு இறங்கியது.

புதன்

லீவு. செல்வியைக் குறிஞ்சிப்பாடியில் அவள் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கூட்டிவந்தேன். அவள் ஏறினதும் கீழே கிர்ர்ரென்று ஓர் இழுவை. காற்றாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். பொய். செயின்தான் என்று அப்போதே பட்டது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. காதில் விழவில்லை போல, நல்லவேளை.

சாயங்காலம் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பாண்டியண்ணன், மதுரைக்காரர், வேலையில் பெர்மனென்ட். "ஏப்பா, வண்டி என்ன இந்தக் கத்து கத்துது? நான் ஏறி உக்கார்றேன், செயினைத் தொட்டுப் பாரு."

நல்ல கனம் அண்ணன். ஏறினதும் செயின் கம்பியாக நின்றது. விரலால் அழுத்தினால் அசையவில்லை.

"ஆளு ஏறுனா செயின் இன்னும் இழுக்கும்ல? கொஞ்சம் ஆட்டம் விடணும்ப்பா. இது என்ன ஒங்க பெல்ட்டா? அறுந்து சக்கரத்துல சுத்துச்சுன்னா..."

வழியில் வடலூர் பக்கம் எத்தனை பள்ளம். அத்தனையிலும் அவளை ஏற்றி இறக்கியிருக்கிறேன், பாவி.

அண்ணனை உட்காரவைத்தே தளர்த்தினேன். ஸ்பேனர் இரண்டு தடவை நழுவியது. செல்வியிடம் மூச்சு விடவில்லை.

வியாழன்

தூறல். செயின் சரியாகத்தான் இருக்கிறது. இருந்தும் அவளை ஏறச் சொல்ல வாய் வரவில்லை. ஆட்டோ.

டாக்டரம்மா: "துடிப்பு நல்லா இருக்கும்மா." வெளியே வந்ததும் அழுகை வந்துவிட்டது. செயின் கதையை உளறிவிட்டேன். திட்டுவாள் என்று பார்த்தேன்.

"நேத்தே கேட்டுச்சுங்க. சொன்னா ஒங்களுக்குக் கை நடுங்கும். அதான் வயித்தப் புடிச்சிக்கினு பேசாம குந்திக்கினு வந்தேன்."