சாக்கு அளவு நிலம்

புக்கிட் ரோத்தான்
11.8.1984

அன்புள்ள கங்காவுக்கு,

நான் சுகம். நீயும், நான் இன்னும் பார்க்காத நம் மகளும் சுங்கைப் பட்டாணியில் அத்தை மாமாவோடு நலமாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் இங்கே பொழுது ஓடுகிறது.

தோட்டத்தில் புதிதாகக் கிடைத்த லயத்து வீட்டின் பின்னால் இடுப்புயரம் லாலான் புல் என்று எழுதியிருந்தேன் அல்லவா? நீ சொன்னபடியே, வேலை விட்டு வந்ததும் ஒரு சாக்கை விரித்து, அது மூடுகிற இடத்தை மட்டும் வெட்டுகிறேன். அரைமணி நேரத்தில் எழுந்துவிடுவேன்.

சென்ற ஞாயிறு மட்டும் ஆசைப்பட்டு முழுவதையும் முடிக்கப் பார்த்தேன். இடுப்பு பிடித்து இரண்டு நாள் படுத்துவிட்டேன். பயப்படாதே, சரியாகிவிட்டது. பக்கத்து வீட்டு அப்பளசாமி அண்ணன் தைலம் தேய்த்துக்கொண்டே, "ஒம் பொண்டாட்டி பேச்சக் கேளு லா!" என்று சிரித்தார். மறுபடி சாக்கை விரித்துவிட்டேன். மலைத்து நின்றவனுக்கு வழி சொன்னாய், கங்கா. நேரில் நன்றி சொன்னால் சிரிப்பாய், அதனால் எழுதுகிறேன். இன்னும் பத்தொன்பது சாக்குதான். பிள்ளை குப்புற விழுவதற்குள் உங்களை அழைத்துவர வந்துவிடுவேன்.

ஆபீசில் கணக்கெழுதும் கிராணி தபால் பையைக் கட்டுகிறார். பிள்ளையின் நீளத்தை ஒரு நூலில் அளந்து கடிதத்தோடு அனுப்பு. தொட்டில் கட்டத்தான். தொட்டிலுக்கு அளவு தேவையில்லை என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் அனுப்பு.

உன்
சேது