சங்கத்தைப் பகலில் திறந்த கதை

போன ஞாயிற்றுக்கிழமை நம் சந்துத் தமிழ்ச் சங்கத்து இரும்பு பீரோவை ஒழித்துக்கொண்டிருந்தோம். வெள்ளையடிக்க ஆள் வரச் சொல்லியிருந்தது. பீரோவின் அடித்தட்டில், கிழிந்த வேட்டிக் கரையால் கட்டிய ஒரு கட்டு கிடந்தது. அவிழ்த்ததும் பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வாசனை மூக்கில் ஏறியது. மஞ்சள், சந்தனம், மக்கிப்போன காகிதம் எல்லாம் கலந்த வாசனை. ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்க உம்முடைய கையெழுத்து. ஓடுகிற பஸ்ஸில் எழுதிப் பழகிய கை அல்லவா, ஒரு வரிகூட நேராக இல்லை. "மூணாம் நம்பர் வீடு, தண்ணிக் குழாய், முக்கால் மணி." "ஏழாம் நம்பர், டாக்டர், ரெண்டு மணி." அடுத்த பத்திரிகையில் இன்னும் நாலு வீடு.

அன்றைக்கு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசித்து முடித்தேன்.

நீர் பஸ் கண்டக்டர். நான் மெயின் ரோட்டில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். இருவருக்கும் ஊர் திருநெல்வேலிப் பக்கம், மும்பை தாராவியில் ஒரே சந்து, வயதும் ஏறக்குறைய ஒன்றுதான். சங்கத்தில் நான் செயலாளர், நீர் கமிட்டி உறுப்பினர். நான் எந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தாலும் முதல் கேள்வி உம்மிடமிருந்துதான் வரும். அந்தக் காலத்தில் எனக்கு உம்மைப் பிடிக்காது. இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

நம் சந்தில் வளர்ந்து, முலுண்டில் ஃபிளாட் வாங்கிக்கொண்டு போனவர் ஒருவர், கடையை விற்றபோது சங்கத்துக்கென்று ஒரு தொகை கொடுத்தாரே, அதில்தான் எல்லாம் தொடங்கியது. இங்கே இருப்பவர்களுக்கு எது அவசரமோ அதைச் செய்யுங்கள் என்று மட்டும்தான் அவர் சொன்னார். எது அவசரம்? தலைவருக்குச் சந்து முனையில் சங்கத்தின் பெயர் போட்ட ஒரு வளைவு வேண்டும். எனக்குப் படிப்பகத்தில் கண்ணாடி அலமாரிகள் வேண்டும். பிள்ளைகள் தமிழ் வாசிக்கத் திணறுகிறார்களே என்ற கவலை எனக்கு உண்மையிலேயே இருந்தது. திறப்பு விழாக் கல்லில் செயலாளர் பெயரும் வரும் என்ற ஆசையும் இருந்தது. தீர்மானத்தை டைப் அடித்தே கூட்டத்துக்கு எடுத்து வந்திருந்தேன்.

நீர் கையைத் தூக்கினீர். "இத யாருவே கேட்டா?"

"எதை?" என்றேன்.

"வளைவையும் அலமாரியையும். சந்துல யாரு கேட்டா?"

தலைவர் சிரித்தார். "நாமதான அண்ணாச்சி அவங்களுக்குப் பிரதிநிதி. நமக்குத் தெரியாதா?"

"ஒங்களுக்குத் தெரிஞ்சா நல்லதுதான். எனக்குத் தெரியல. மூணு வாரம் குடுங்க, கேட்டுட்டு வாரேன்."

நானும் உம்மோடு வருகிறேன் என்றேன். உதவி செய்ய அல்ல. இது வெட்டி வேலை என்று மூன்று வாரம் கழித்துச் சாட்சி சொல்ல ஓர் ஆள் வேண்டாமா?

வீடு வீடாகப் போய் என்ன வேண்டும் என்று கேட்பீர் என்றுதான் நினைத்தேன். நீர் அப்படிக் கேட்கவில்லை. "நேத்து ஒங்க வீட்டுல யாராவது எங்கயாவது காத்துக் கெடந்தாவளா?" என்று கேட்டீர். முதல் வீட்டுக்காரர் உம்மை ஒரு மாதிரி பார்த்தார். வெளியே வந்ததும் இது என்ன கேள்வி என்று நான் எரிச்சல்பட்டேன்.

"என்ன வேணும்னு கேட்டா, நாம எதக் குடுப்போம்னு நெனைக்காவளோ அதத்தான் சொல்லுவாவ. பஸ்ல ஏறுதவன்ட்ட என்ன வேணும்னா கேக்கோம்? எங்க எறங்கணும்னுல்லா கேக்கோம்," என்றீர்.

எனக்கு அது விளங்கவில்லை. ஆனால் உம் கேள்விக்கு ஆட்கள் யோசிக்க ஆரம்பித்ததைக் கவனித்தேன். தண்ணீர்க் குழாய், ரேஷன் கடை, வார்டு ஆபீஸ், டாக்டர். எல்லாம் எதிர்பார்த்த பதில்கள்தான். என்றாலும் ஒவ்வொருவரும் நேற்றைய நாளை மனதுக்குள் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுச் சொன்னார்கள். நீர் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தீர்.

இரண்டாவது வாரம் ஒரு நாள், உமக்குக் காலை டியூட்டி முடிந்து மதியம் இரண்டு மணி வாக்கில் போனோம். செல்வி தன் வீட்டுப் படியில் ராத்திரிச் சமையலுக்கு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நீர் வழக்கமான கேள்வியைக் கேட்டீர்.

"வேற எங்க? எங்க வீட்டு வாசல்லதான்," என்றாள்.

"ஒங்க வீட்டு வாசல்லயா? யாருக்காகத் தாயி?"

"அவுக முழிக்கணும்லா அண்ணாச்சி."

அவள் புருஷன் ஓர் ஆபீஸ் கட்டடத்தில் ராத்திரி வாட்ச்மேன். காலை எட்டு மணிக்கு வந்து படுத்தால் மூன்று மணிக்குத்தான் எழுவான். இருப்பது ஒரே அறை. பாத்திரம் உரசினால் தூக்கம் கெட்டுவிடும். அதனால் காலையில் சமையலை முடித்துக் கதவைச் சாத்திவிட்டு, பள்ளிக்கூடம் விட்டு வரும் மகளோடு அவளும் படியில் உட்கார்ந்திருப்பாள்.

"மழைக்கு?" என்று கேட்டீர்.

"கொடையப் புடிச்சிக்கிட்டு நிப்போம். இல்லன்னா நாக்கா முக்கு வரைக்கும் சும்மா காலி-பீலி நடந்துட்டு வருவோம்."

நீர் உடனே எழுதவில்லை. "இன்னும் எத்தன வீட்டுல இப்பிடி?" என்று கேட்டீர். அவள் கையிலிருந்த கத்தியால் சந்தின் இருபக்கமும் ஒவ்வொரு படியாகக் காட்டினாள். ஹோட்டலில், ஆஸ்பத்திரியில், விமான நிலையத்தில் என்று ராத்திரி வேலைக்குப் போகிறவர்களின் வீடுகள். பதினோரு வீடு. பதினோரு படிகளிலும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

வருஷக்கணக்காக நான் அவர்களைத் தாண்டித்தான் கடைக்குப் போய் வந்திருக்கிறேன். வேலை வெட்டி இல்லாமல் ஊர்க்கதை பேசுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். நினைத்ததோடு நின்றேனா? இரண்டு மாதத்துக்கு முன்புதான் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தேன். "நடைபாதையில் அமர்ந்து வம்பளப்பதைத் தவிர்க்கவும். இப்படிக்கு, செயலாளர்." அது செல்வியின் தலைக்கு நேர் மேலே ஒட்டியிருந்தது. நீர் அதைப் படித்தீர். பிறகு என்னைப் பார்த்தீர். ஏதாவது சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசித் தப்பியிருப்பேன்.

அடுத்த கூட்டத்தில் நீர் சொன்னது இரண்டே விஷயம். சங்கக் கட்டடத்தைப் பகலில் திறந்து வைக்க வேண்டும். வந்த பணத்தில் மின்விசிறி, பாய், குடிதண்ணீர், பின்னால் உடைந்து கிடக்கும் கழிவறைக்குக் கதவும் தாழ்ப்பாளும் செய்ய வேண்டும்.

"சங்கம் என்ன சத்திரமா? வந்தவன் போனவனெல்லாம் படுத்துக் கெடக்கதுக்கா கட்டுனோம்?" என்றார் தலைவர்.

அப்போது வாசலிலிருந்து குரல் வந்தது. "நாங்க படுக்கவா கேக்கோம்? உக்காரத்தான கேக்கோம்."

செல்விதான். நம் விதிப்படி வீட்டுத் தலைவர்தான் உறுப்பினர், அதாவது ஆண்கள். பெண்கள் கூட்டத்துக்கு வந்ததே இல்லை. அவள் உள்ளே கால் வைக்காமல் நிலைக்கு வெளியே நின்றுதான் சொன்னாள்.

ஓட்டுக்கு விட்டார்கள். இதை உம்மிடம் நான் ஒப்புக்கொண்டதில்லை. கை தூக்கும் முன்னால் நான் தலைவரைப் பார்த்தேன். பிறகு மற்றவர்களின் கைகளை எண்ணினேன். தீர்மானம் ஜெயிக்கப்போகிறது என்று தெரிந்த பிறகுதான் என் கை மேலே போனது. நீர் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர். வளைவு சுருங்கி, சங்க வாசலில் ஒரு பெயர்ப்பலகையாக முடிந்தது. அலமாரி அப்படியே நின்றுபோனது.

திங்கட்கிழமை சங்கத்தைத் திறந்தோம். ஒருவரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. இரண்டு வாரம் புது விசிறி காலி அறையில் சுற்றியது. "பாத்தீங்களா, ஒங்க சர்வேயை?" என்று தலைவர் போகிறபோதும் வருகிறபோதும் குத்திக் காட்டினார். என்னையும் குத்தினார். ஆனால் எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது. அதையும் இப்போது உம்மிடம் மறைக்கவில்லை.

உமக்குக் கோபமே வரவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். "வரணும்னு சொன்னவங்க ஏன் வரல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தீர். யாரையோ குற்றம் சொல்கிற குரலில் இல்லை, தொலைந்த சாவியைத் தேடுகிறவர் குரலில். லீவு போட்டுவிட்டு எதிர் டீக்கடையில் காலையிலிருந்து மதியம் வரை உட்கார்ந்து சங்க வாசலையே பார்த்தீர். இரண்டு மணிக்கு நேராக என்னிடம் வந்தீர். நான் வழக்கம்போலச் சங்க வாசல் பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். உள்ளே எல்லாம் ஒழுங்காக நடக்க வேண்டும் என்று நானும் இன்னும் இரண்டு கமிட்டிக்காரர்களும் தினமும் அங்கே உட்கார்ந்திருப்போம்.

"வே, எந்திரியும்," என்றீர்.

"எதுக்கு?"

"முனை வரைக்கும் வாராவ. ஒம்மப் பாக்காவ. திரும்பிப் போயிருதாவ. காலையிலருந்து நாலு தடவ பாத்துட்டேன். அவுக இப்பக் காத்துக் கெடக்கது ஒமக்குத்தான்வே."

முகத்தில் அறைந்ததுபோல இருந்தது. சண்டை போடத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் எழுந்துவிட்டேன். ஏன் எழுந்தேன் என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. நாம் இருவருமாகப் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு போய் டீக்கடை ஓரம் போட்டோம். சாவியைச் செல்வியிடம் கொடுத்தது நான். கொடுக்கச் சொன்னது நீர்.

மறுநாள் மூன்று பேர் வந்தார்கள். அந்த வார முடிவில் எல்லாப் படிகளும் காலி. ஒருத்தி தையல் மிஷினைக் கொண்டுவந்து போட்டாள். பெண்பிள்ளைகள் பாயில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதினார்கள். பழைய மர அலமாரியிலிருந்து ஒரு தமிழ்ப் புத்தகத்தை எடுத்து, எழுத்துக்கூட்டி வாசிக்கவும் செய்தாள் ஒருத்தி. நான் அதை டீக்கடைப் பெஞ்சிலிருந்து பார்த்தேன்.

அடுத்த தேர்தலில் உம்மைத் தோற்கடித்தார்கள். உட்கார இடம் போன கோபம் ஆண்களுக்கு. ஓட்டும் அவர்களுக்குத்தானே இருந்தது. நீர் சிரித்தீர். "எறங்க வேண்டிய ஸ்டாப்பு வந்துட்டு," என்றீர். பெண்களுக்கும் ஓட்டு என்று விதியை மாற்ற இன்னும் இரண்டு வருஷம் ஆயிற்று. அந்தத் தீர்மானத்தை நான் டைப் அடித்தேன். நீர் அதற்குள் முட்டிவலியோடு மகன் வீட்டுக்கு டோம்பிவிலி போய்விட்டிருந்தீர்.

நீர் போய்விட்டீர் என்று உம் மகன் போன் செய்தது ஒரு காலை நேரம். நானும் செல்வியும் இன்னும் ஏழெட்டுப் பேரும் ரயில் ஏறினோம். அன்றைக்குச் சங்கத்தைப் பூட்டிவிடலாமா என்று தலைவர் கேட்டிருக்கிறார். "பூட்டுனா அண்ணாச்சிக்குப் பிடிக்குமா?" என்று கேட்டுவிட்டு, சாவியைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்து வந்திருந்தாள் செல்வி.

இப்போது தாராவி முழுக்க, பழைய வீடுகளை இடித்துக் கட்டப்போகும் புதுக் கட்டடம் பற்றித்தான் பேச்சு. நம் சந்துக்கும் ஒரு நாள் வருமாம். கட்டடத்தில் பொது இடம் எதற்கு வேண்டும் என்று சங்கம் எழுதித் தர வேண்டும். கமிட்டியில் இளைஞர்கள் ஜிம் என்கிறார்கள். கோயிலுக்கு இடம் என்கிறார் தலைவர். வீட்டுக்கு இரண்டு அறை கிடைத்தால் பகலில் உட்காரும் கூடம் இனி எதற்கு என்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். செல்வி இப்போது கமிட்டி உறுப்பினர். அவளிடமே கேட்டேன்.

அவள் நன்றாக யோசித்தாள். "ரெண்டு ரூம் வந்தா அவுக ஒண்ணுல தூங்குவாவ, நா ஒண்ணுல இருப்பேன். அப்ப சங்கத்துக்கு எதுக்கு வருவோம்னு எனக்கே தெரியல அண்ணாச்சி. ஆனா வருவோம்."

இதை ஒரு மனுவில் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. உமக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் உமக்கு அது பிடித்திருக்கும். இன்னும் நாலு வீட்டுக்குப் போவோம்வே என்றிருப்பீர்.

நாற்பது வருஷமாக மனு எழுதுகிறவன் நான். "இப்பகுதி மக்கள் அனைவரும்" என்று தொடங்கிக் கண்ணை மூடிக்கொண்டு அடித்த விரல்கள் இவை. இப்போது "அனைவரும்" என்ற சொல்லுக்கு வந்ததும் நின்றுவிடுகின்றன. கடையை மருமகளிடம் விட்டுவிட்டு எழுந்து போய் இன்னும் ஒரு கதவைத் தட்டிவிட்டு வருகிறேன். பொது இடத்துக்கான அந்த மனுத் தாள் மூன்று நாளாக மிஷினில் பாதியில் நிற்கிறது.