மெட்ராஸுக்கு மூன்று டிக்கெட்

1959 நவம்பர் 15, ஞாயிறு

கிறிஸ்துமஸ் லீவுக்கு அப்பாவையும் அம்மாவையும் நான் மெட்ராஸ் அழைத்துப் போவதென்று முடிவாகிவிட்டது. அப்பாவுக்கு எழுபத்தொன்று. பிரெஞ்சுக்காரன் காலத்துக் கோர்ட்டு வாசலில் முப்பது வருஷம் பியூனாக நின்றவர். லீவை இன்னும் ‘வக்கான்ஸ்’ என்றுதான் சொல்வார். அம்மா விழுப்புரத்தைத் தாண்டியதே இல்லை.

அவளுக்கு ஊர் பார்க்கும் ஆசை ஒன்றும் கிடையாது. அரியைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். தம்பி அரிகிருஷ்ணன் வீட்டை விட்டுப் போய் ஆறு வருஷம். மாமா மகளுக்குப் பரிசம் போட்டு, கலியாணத்துக்கு மூன்று வாரம் இருக்கையில் ‘வேண்டாம்’ என்றான். காரணம் சொல்லவில்லை. “என் மூஞ்சியில முழிக்காத” என்றார் அப்பா. போய்விட்டான். பெரம்பூரில் வேலை என்று எப்போதாவது ஒரு கார்டு வரும்.

நவம்பர் 22

பள்ளிக்கூடத்து நோட்டில் திட்டம் போட்டேன். எழும்பூரில் இறங்கி சத்திரம். மறுநாள் உயிர் காலேஜ், செத்த காலேஜ் — மிருகங்களையும் மியூசியத்தையும் மெட்ராஸில் அப்படித்தான் சொல்கிறார்களாம். அப்புறம் மவுண்ட் ரோடில் புதிதாகக் கட்டியிருக்கும் பதினாலு மாடிக் கட்டடம். அப்பாவுக்கு முழங்கால் வலி; ஒரு நாளைக்கு ஓர் இடம்தான் தாங்குவார். அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி; அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டும். ரயிலில் கக்கூஸ் பக்கத்தில் இடம் பிடிக்க வேண்டும்.

“அரி வூட்டுல எறங்காம சத்திரம் எதுக்குடி?” என்றாள் அம்மா. அவனுக்கு எழுதிக் கேட்கிறேன் என்றேன்.

டிசம்பர் 9, புதன்

அரியின் பதில் வீட்டுக்கு வரவில்லை. பள்ளிக்கூட முகவரிக்கு வந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, நாற்காலியில் உட்கார்ந்து படித்தேன்.

அவன் பெரம்பூரில் இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. கார்டுகளை ஒரு சிநேகிதன் அங்கிருந்து தபாலில் போட்டிருக்கிறான். என் கடிதத்தையும் அவன்தான் அரிக்கு அனுப்பி வைத்திருக்கிறான். அரி ஆறு வருஷமாகச் செங்கல்பட்டில் பெருநோய் ஆஸ்பத்திரியில், குஷ்டரோகிகளோடு இருக்கிறான். கலியாணத்துக்கு முன்னாலேயே தோளில் தேமல் மாதிரி ஒன்று. தொட்டால் உணர்ச்சி இல்லை. அந்தப் பெண்ணின் தலையில் இதைக் கட்ட மனசு வரவில்லை என்று எழுதியிருக்கிறான்.

‘மாத்திரையில நோய் அடங்கிடுச்சு அக்கா. இனி யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டர் சொல்றார். மடங்கின விரல் மடங்கினதுதான். அவங்கள அழைச்சிகிட்டு வராத. நான் செத்துட்டேன்னு சொல்லிடு.’

கணக்கு முடித்த பிள்ளைகள் சிலேட்டைத் தூக்கிக் காட்டினார்கள். எல்லாவற்றுக்கும் சரி போட்டேன்.

டிசம்பர் 11

செத்துட்டேன்னு சொல்லு — என்ன சுலபமா எழுதிட்டான் பாவி.

டிசம்பர் 13

கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடியில் என் முதுகைப் பார்க்க முயன்றேன். கை, தோள், முழங்கால் எல்லாம் கிள்ளிப் பார்த்தேன். வலித்தது. நிம்மதியாக இருந்தது. பிறகு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவன் தனியாக அப்படிக் கிள்ளிப் பார்த்து, வலிக்காமல் போன நாளில் நாங்கள் பந்தலுக்கு ஆள் சொல்லிக்கொண்டிருந்தோம்.

வெளியே தெரிந்தால் என் வேலை போகும். புருஷனும் போய், பிள்ளையும் இல்லாதவளுக்கு அந்த வேலைதான் எல்லாம்.

டிசம்பர் 20

அம்மா அதிரசம் சுட்டாள். மாமா மகளுக்குத்தான் வேறிடத்தில் ஆகிவிட்டதே, அரிக்குப் பெண் பார்த்து வைத்திருக்கிறாளாம். நேரில் பேசி முடிக்கப் போகிறாளாம். அதிரசத்தை டப்பாவில் அடுக்கிக் கொடுத்தேன். சொல்ல வரவில்லை. பயணத்தை நிறுத்தவும் வரவில்லை. நிறுத்தினால் அவன் சொன்னபடி அவனைக் கொன்றவளாகிவிடுவேன்.

டிசம்பர் 24, வியாழன். செங்கல்பட்டு

எழுதிவிட வேண்டும்.

விழுப்புரத்தில் வண்டி மாறினோம். மதுராந்தகம் தாண்டியதும் சொன்னேன். பெட்டியில் கூட்டமில்லை. ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா திரும்பவே இல்லை. காது கேட்கவில்லையோ என்று மறுபடி ஆரம்பித்தேன்.

“கேட்டுது” என்றார்.

அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். “எம்புள்ள பெரம்பூர்ல இருக்கான். நீ பொய் சொல்ற. அவங்கிட்ட நான் போயிடக்கூடாதுன்னு பொய் சொல்ற.”

செங்கல்பட்டில் வண்டி தண்ணீர் பிடிக்க நின்றது. அப்பா எழுந்து குடையை எடுத்தார். அம்மா அசையவில்லை. கெஞ்சினேன். வண்டி புறப்படும் சமயத்தில் கையைப் பிடித்து இழுக்காத குறையாக இறக்கினேன். பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்தவள், அதற்கு மேல் வர மாட்டேன் என்றுவிட்டாள்.

“அந்த எடத்துல எங்கால் படாது.”

“நீதான்டி அவன் வேணும்னு இருந்தே” என்றார் அப்பா.

“அவன் வேணும். இவன யாருன்னு எனக்குத் தெரியாது.”

பெண்கள் அறையில் அவளை விட்டுவிட்டு, அங்கிருந்த ஆயாவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லி, குதிரை வண்டி பிடித்தோம். ஆஸ்பத்திரி என்றதும் வண்டிக்காரன் கேட்டுக்கு வெகு முன்னாலேயே இறக்கிவிட்டான். அப்பா நடந்தார். முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மரத்தடியில் அரி காய்கறிப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் வாளியை வைத்துவிட்டுப் பின்வாங்கினான். புருவத்தில் முடி இல்லை. காது தடித்திருந்தது. கைகளைத் துண்டுக்குள் மறைத்தான்.

“அங்கயே நில்லுங்கப்பா.”

அப்பா நிற்கவில்லை. போய் அந்தத் துண்டை விலக்கி, அவன் இரண்டு கைகளையும் பிடித்தார். கோர்ட்டில் கைதியைப் பிடிப்பார்களே, அப்படி இறுக்கமாக.

“ஏன்டா சொல்லல?”

“மூஞ்சியில முழிக்காதன்னீங்க.”

அப்பா அழுது நான் பார்த்ததில்லை. இன்றும் அழவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டார். எழ முடியவில்லை. அரியும் நானுமாகத் தூக்கினோம்.

ஸ்டேஷனுக்குத் திரும்பியபோது இருட்டியிருந்தது. அம்மா அப்பாவைக் கேட்டாள்: “தொட்டீங்களா?” அவர் ஆமாம் என்றார். தன் பையை எடுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். அதிரசத்தை ஆயாவுக்குக் கொடுத்துவிட்டிருந்தாள்.

டிசம்பர் 26. மெட்ராஸ்

அப்பா செங்கல்பட்டிலேயே தங்கிவிட்டார். ‘மெட்ராஸ் காட்றேன்னுதான கூட்டியாந்த, காட்டு’ என்றாள் அம்மா. காட்டினேன். உயிர் காலேஜில் புலியின் முன்னால் நின்றாள்; பார்த்தாளா தெரியாது. மவுண்ட் ரோடில் அந்தப் பதினாலு மாடியை அண்ணாந்து பார்த்து எண்ண ஆரம்பித்தாள். ஒன்பதில் நிறுத்திவிட்டாள்.

“போதும், வூட்டுக்குப் போவலாம்.”

1960 ஜனவரி 17

அப்பா வந்தார். அம்மா அவருக்குத் தட்டு, செம்பு எல்லாம் தனியாக வைத்தாள். அவர் அதிலேயே சாப்பிட்டார்.

மார்ச் 6

அரியை ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே அனுப்பப் போகிறார்கள். வீட்டுக்கு அழைத்து வரலாமா என்று அப்பா கேட்டார். கேட்டார் — உத்தரவு போட்டே பழகியவர். “அவன் உள்ள வந்தா நான் கெணத்துல வுழுந்துடுவேன்” என்றாள் அம்மா. நான் என்ன சொன்னேன்? பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொண்டு வாயை மூடியிருந்தேன். அப்பா என்னைப் பார்த்துவிட்டு வெளியே போனார்.

மார்ச் 20

அப்பா அரியிடம் போய்விட்டார். செங்கல்பட்டில் ஓர் ஓலைக் குடிசை, அவருக்கும் அவனுக்கும். நாற்பத்திரண்டு வருஷத் தாம்பத்தியம். வாசலில் நின்று, “ஒன் மாத்திரைய மறக்காத” என்று அம்மாவிடம் சொன்னார். அவள் முறத்தில் புடைப்பதை நிறுத்தவில்லை.

ஜூன் 12

எங்கள் கிணற்றில் தினமும் தண்ணீர் எடுக்கும் எதிர்வீட்டு ஆயம்மா அப்பாவைப் பற்றிக் கேட்டாள்: “கலியபெருமாள் அண்ணன எங்க ரெண்டு மூணு மாசமா காணும்?”

“மெட்ராஸ்ல, பையனோட” என்றாள் அம்மா.

எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. “செங்கல்பட்டுல இருக்காரு. தம்பிக்குப் பெருநோய் வந்து நல்லாயிடுச்சு. அவன்கூட இருக்காரு” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையது போலக் கேட்டது.

ஆயம்மா குடத்தைப் பாதியோடு எடுத்துக்கொண்டு போனாள். அம்மா என்னை அறைந்தாள். எனக்கு முப்பத்தேழு வயதில்.

ஜூன் 15

மூன்று நாளாகக் கிணற்றுக்கு ஒருவரும் வரவில்லை. இன்று தலைமையாசிரியை வரச் சொல்லி, காரணம் எதுவும் எழுதாமல் ஒரு மாதம் லீவு போடச் சொன்னார். போட்டுவிட்டு வந்தேன்.

அம்மா கிணற்றடியில் உட்கார்ந்திருந்தாள். சொன்னேன். திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

“வெரலு மடங்கிடுச்சுன்னியே. சோத்த எப்புடிடி எடுத்துத் திங்கிறான்?”

“கரண்டியால” என்றேன்.